ஆடில்லாத பெருநாள்

ஆப்பிரிக்கக் கடலில் எந்த மாதம் மீன்பிடிப்பை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்ய எங்களைப் பாரிசுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் கடல் டாக்காரில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே தெரியும். ஆனால் கூட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களின் அலுவலகம் பாரிசில் இருக்கிறது. பெண் வீட்டிலும் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டிலும் இல்லாமல் பந்தல்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம் வைத்த கதைதான். இதைச் சொன்னால் என் மேலதிகாரி சிரிப்பார். சிரித்துவிட்டு விமானச் சீட்டைக் கையில் கொடுப்பார்.

நான் பாம்பன்காரி. மீன்வளம் படித்துவிட்டு எங்கெங்கோ சுற்றி, பல வருடங்களாக செனகல் நாட்டில் வேலை பார்க்கிறேன். மீன்கள் எந்த மாதம், எந்த இடத்தில் முட்டையிடுகின்றன என்பதை வரைபடமாகப் போட்டுக் கொடுப்பது என் வேலை. முக்கியமாகச் சாளை மீன். அங்கே அதற்கு யாபோய் என்று பெயர். ஏழைகளின் சட்டிக்குப் போகிற மீன். ஒரு நாட்டுக் கடலில் முட்டையிட்டு, அடுத்த நாட்டுக் கடலில் வளர்ந்து, திரும்பி வரும். அதற்குக் கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. அதைப் பிடிக்கிறவர்களுக்குத்தான் எல்லை.

என்னோடு வந்தவர் ஃபாத்து. டாக்காருக்குத் தெற்கே ஒரு கரையில் சாளையைச் சுட்டு, உப்புப் போட்டுக் காயவைத்து விற்கும் பெண்களுக்குச் சங்கம் இருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவி. என்னைவிட ஒரு தலை உயரம். தரையைக் கூட்டும் மஞ்சள் அங்கி, அதன்மேல் யாரோ இரவல் கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு. அவர் பேசினால் பக்கத்து அறைக்கும் சேர்த்துக் கேட்கும். ஒலிபெருக்கியை அவர் முன்னால் வைத்தபோது, இது எதற்கு என்று தள்ளி வைத்துவிட்டார்.

அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சாளை முட்டையிடும் காலத்தில் செனகல் கரையில் மட்டும் கடலை மூடினார்கள். மீனவர்களையும் மீன் காயவைக்கும் பெண்களையும் வீடுவீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் ஃபாத்து. பக்கத்து நாடு மூடவில்லை. (எந்த நாடு என்று எழுதினால் எனக்கு வேலை போகும்.) கரையில் இவர்கள் பட்டினியாக உட்கார்ந்திருக்க, அதே மீனை எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய படகுகள் அள்ளிக்கொண்டு போய்த் தீவன மாவு ஆலைக்குக் கொடுத்தன. ஃபாத்துவின் தகரக் கூரைமேல் கல் விழுந்தது. எறிந்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் அவருடைய சங்கத்துக்காரர்கள்.

இந்தத் தடவை இரண்டு நாடும் ஒரே நாளில் மூடுவதாகப் பேச்சு. அப்படி ஒரு கையெழுத்தோடு போகாவிட்டால் இனிமேல் கரையில் யாரிடமும் வாய் திறக்க முடியாது என்று விமானத்தில் சொன்னார். இந்தத் தடவையும் தவறினால் மூன்றாவது தடவைக்குச் சாளை மிஞ்சுமா என்பது எனக்கும் சந்தேகம்தான். என் வரைபடத்தில் முட்டையிடும் இடங்கள் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டு வருகின்றன.

முதல் நாள் கூட்டம் வெகு சுலபமாகப் போனது. நான் வரைபடத்தைத் திரையில் போட்டேன். சித்திரை நடுவிலிருந்து வைகாசி முடிய மூடலாம் என்றேன். எங்கள் ஊர்க் கரையிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் விசைப்படகுகளை நிறுத்துவார்கள். அதனால் அந்தத் தேதிகளைச் சொல்லும்போது எனக்கு ஒரு சொந்தமும் இருந்தது. செனகல் குழுத்தலைவர் தலையாட்டினார். பக்கத்து நாட்டு அதிகாரி, மெலிந்த, மரியாதையான மனிதர், அவரும் தலையாட்டினார். ஃபாத்து மட்டும் தலையாட்டாமல் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மதியம் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் இரண்டு இலையும் வைத்துக் கொடுத்தார்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர் அப்படியே இருந்தது. ஃபாத்து அதைத் திறந்து பார்த்து மூடினார்.

"இந்த ஊரில் மத்தியானத்துக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டார்களா?"

"மாட்டார்கள் போலிருக்கிறது."

"கூட்டம் முடிந்ததும் சோறு இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போ."

பாரிசில் சோறு வேண்டுமென்றால் நம்மவர்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். எர்-ஏ-எர் ரயிலில் ஏறி கார் து நோரில் இறங்கி நடந்தால் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல். ஆனால் கார் து நோரில் எங்களால் இறங்க முடியவில்லை. இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் பலசாலிகளாக இருந்தார்கள். ஃபாத்துவின் அங்கி ஒரு பிள்ளைவண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நான் அதை விடுவித்து நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது. சென்னை மின்சார ரயிலாக இருந்தால் நாலு பேர் சங்கிலியைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இங்கே எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்களைப் பார்க்காததுபோல் நின்றார்கள். லா கூர்னெவ் போய்த்தான் இறங்கினோம்.

அங்கே மழை. ரயிலடிக்கு அப்பால் கிட்டங்கிகளும் அடுக்குமாடிகளும். எதிர்ப்பக்க மேடையில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கார்த் வந்திட்டுதோ?"

"எங்கை! இன்னும் அந்த ரெசிப்பிசேயைத்தான் கொண்டு திரியிறன். பிரெஃபெக்சரில ரெந்தேவூ கிடைக்கிறேல்லை அண்ணை."

வதிவிட அட்டைக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. வழி கேட்டேன். என் தமிழைக் கேட்டதும் இளையவர் சிரித்தார்.

"லாச்சப்பலுக்கோ? நீங்கள் தாண்டி வந்திட்டியள் அக்கா. இப்ப வாற ரெயினில ஏறுங்கோ, நாங்களும் அங்கைதான் போறம்."

கார் து நோரில் அவர்களே முன்னால் நின்று கதவை மறித்துப் பிடித்து எங்களை இறக்கிவிட்டார்கள். ஃபாத்து அவர்கள் இருவருக்கும் வொலோஃப் மொழியில் ஒரு நீண்ட ஆசீர்வாதம் சொன்னார். அவர்கள் 'மெர்சி மதாம்' என்றுவிட்டு ஓடினார்கள்.

லாச்சப்பலில் நடக்கும்போது ஃபாத்து ஒவ்வொரு கடையாக நின்றார். வாழைப்பூ, முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளியைக் கண்டதும் தன் சொந்தக்காரரைக் கண்டதுபோல் தட்டிப் பார்த்தார். நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரே பைத்தியம்தான் என்றார். பிறகு ஒரு மீன்கடை முன்னால் நின்றவர் அசையவில்லை.

பனிக்கட்டிமேல் பாரையும் விளைமீனும் அறக்குளாவும் கிடந்தன. ஒரு ஓரத்தில் சாளை. பெட்டியில் எழுதியிருந்தது ஃபாத்துவின் நாடு.

ஃபாத்து ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார்.

"ஐயா, இந்த மீன் செத்து எவ்வளவு நாள்?"

கடைக்காரர் நிமிர்ந்தார். ஐம்பது தாண்டியவர், நரைத்த மீசை, முழங்கை வரை ரப்பர் உறை. பிரெஞ்சை யாழ்ப்பாண ராகத்தில் பேசினார்.

"மதாம், நேற்றுத்தான் விமானத்தில் வந்தது."

"நான் முந்தாநாள் வந்தேன். எனக்கே இவ்வளவு கண் மங்கவில்லை."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள், கடைக்காரரும்தான். அவர் பெயர் அருள்நேசன். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் அவருடைய மனைவி ஜெசிந்தா அடுப்பு வைத்திருந்தார். மீனை வாங்கினால் பொரித்துச் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் சேர்த்துக் கொடுப்பார்கள். சுவரை ஒட்டி இரண்டு மேசை, அதற்குமேல் மடு மாதா படம். நான் ஒரு நிமிடம் என் ஊரில் நிற்பதாகவே நினைத்தேன்.

அருள்நேசன் மீனைச் செதில் எடுத்துக்கொண்டே என்னிடம் தமிழில் கேட்டார்.

"நீங்கள் இந்தியாவோ அக்கா?"

"ஆமாண்ணே. பாம்பன்."

கத்தி நின்றது.

"நான் பேசாலை," என்றார்.

பேசாலை மன்னார்த் தீவில் இருக்கிறது. பாம்பனுக்கு எதிர்க்கரை. சின்ன வயதில் வானம் தெளிவாக இருந்தால் ராத்திரி அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது என்று கடற்கரையில் சொல்லிக்கொள்வோம். அடுத்து அவர் இழுவைப்படகைப் பற்றிக் கேட்பார் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கட ஆக்கள் ஆரும் றோலர் வைச்சிருக்கினமோ?"

"எங்க அண்ணன் வச்சிருக்கார்."

வேறு என்ன சொல்வது? ஒளித்தால் அது வேறு அசிங்கம். அவர் மீனைக் கழுவி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். எங்கள் மேசைக்குத் தண்ணீர்ச் செம்பை அவரே கொண்டுவந்து வைத்தார். ஃபாத்துவுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. என்ன நடக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அருள்நேசனே சொன்னார்.

"மதாம், எங்களுடைய கடலும் இரண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கிறது. இவர்களுடைய படகு பெரியது, அடிக்கடலைச் சுரண்டுகிறது. எங்களுடையது சின்னது. இவர்களுடைய ஊரில் பெரிய படகும் சின்னப் படகும் சண்டை போடாமல் இருக்க நாளைப் பிரித்துவைத்தார்கள். திங்கள், புதன், சனி பெரிய படகு. மற்ற நாள் சின்னப் படகு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் திங்கள், புதன், சனியில் பெரிய படகுகள் எங்கள் கரைக்கு வருகின்றன. என் தம்பி அந்த நாட்களில் கடலுக்குப் போவதில்லை. போனால் வலை மிஞ்சாது. இரண்டு தடவை கிழிந்துவிட்டது."

பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"உங்கட அரசாங்கம் சித்திரையில கடலை மூடுதெல்லோ, அந்த ரெண்டு மாசந்தான் எங்கட சனத்துக்குக் கடல் திறக்கிறது. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்."

அவர் குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்யப் பாரிஸ்வரை வந்தவள் நான். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மீன், ஒரே விதி என்று அன்று காலையில்தான் திரைபோட்டுப் பேசியிருந்தேன். என் அண்ணனிடம் இதை ஒரு தடவை பேசப்போய், 'நீ ஆப்பிரிக்காவப் பாரு தாயி, இங்க நாங்க பாத்துக்கிடுதோம்' என்று அவர் முடித்துவிட்டார். கடனில் வாங்கிய படகு அது. அவரும் தூங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஃபாத்து தன் தட்டை என் பக்கம் நகர்த்திவைத்தார். அவர்கள் ஊரில் ஒரே தாம்பாளத்தில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தனித்தட்டு அவருக்குப் பிடிப்பதில்லை. சாளையை முள் எடுத்து, நல்ல சதையாக என் பக்கம் தள்ளினார். விருந்தாளிக்கு அப்படித் தள்ளுவது அங்கே வழக்கம். சொதியைக் கையால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, மிளகாய் போதவில்லை என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். ஜெசிந்தா ஊறுகாய் கொண்டுவந்தார்.

பாதிச் சாப்பாட்டில் ஃபாத்து மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உன் தேதியில் பெருநாள் வருகிறது."

"எந்தப் பெருநாள்?"

"தபாஸ்கி."

நம் ஊர் பக்ரீத். செனகலில் அதற்குத் தபாஸ்கி என்று பெயர். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் கடா அறுக்க வேண்டும். அறுக்காத வீட்டுப் பிள்ளைகள் அன்று வெளியே விளையாட வரமாட்டார்கள். பண்டிகை நாளில் அடுப்பு எரியாத வீடு எப்படியோ அப்படி. பெருநாளுக்கு முந்தைய மாதத்து மீன்தான் கடாவாக மாறும். பெருநாளோ பிறைக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்ந்து வரும். அடுத்த வருடம் அது வைகாசி நடுவில். நாங்கள் சித்திரை நடுவிலேயே கடலை மூடிவிடுகிறோம்.

அந்தத் தேதிகளை நாங்கள் ஒரு வருடமாகப் போட்டோம். நீரின் வெப்பம், காற்று, முட்டை, எல்லாம் பார்த்தோம். அலுவலகச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியைப் பார்த்தோம். பிறையை யாரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் தொழுகிறவர்கள்.

"காலையிலேயே ஏன் சொல்லவில்லை?"

"எங்கள் தலைவர் சரி என்று தலையாட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரனை எதிரில் வைத்துக்கொண்டு என் வீட்டுச் சண்டையை நான் போடுவேனா?"

இரண்டாம் நாள் காலையில் விஷயத்தைக் கூட்டத் தலைவரிடம் சொன்னேன். தேதியைப் பெருநாளுக்குப் பின்னால் தள்ளலாமா என்று பேச்சு எழுந்தது. தள்ளினால் முட்டையிடும் காலத்தில் பாதி போய்விடும் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன். பக்கத்து நாட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கள் ஊரிலும் பெருநாள்தான். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் என் அமைச்சர் எனக்குக் கொடுத்த அனுமதி இந்தத் தேதிகளுக்கு மட்டும். ஒரு நாள் நகர்த்தினாலும் நான் திரும்பிப் போய்ப் புதிதாகக் கேட்க வேண்டும். அது அடுத்த வருடக் கதையாகிவிடும்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு அனுமதியை வாங்கவே அவர் எத்தனை கதவு தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். செனகல் குழுத்தலைவர் ஃபாத்துவைப் பார்த்தார். போன வருடம் கரையில் நடந்ததற்குப் பிறகு, இவர் சம்மதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஃபாத்து நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் ரயில் வேண்டாம் என்றார். குளிரில் நடந்தோம். லாச்சப்பல் மெத்ரோவில் ரயில் தலைக்குமேலே பாலத்தில் ஓடும். அதன் அடியில் ஒருவர் கடைத்தள்ளுவண்டியில் தகரத்தைப் பதித்து, கரி போட்டு மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். ஃபாத்துவின் அங்கியைப் பார்த்ததும் அவர் வொலோஃபில் சலாம் சொன்னார். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரித்ததில், ஃபாத்துவின் கரைக்கு அடுத்த கரை. அங்கே சொந்தமாக மரக்கலம் வைத்து ஓட்டியவராம்.

"மரக்கலம் எங்கே?" என்று ஃபாத்து கேட்டார்.

"அதில்தான் இந்தப் பக்கம் வந்தேன் அம்மா. மீனுக்குப் போனால் எண்ணெய்க் காசும் வரவில்லை. விசா இல்லாத ஆட்களைக் கனாரித் தீவுக்கு ஏற்றினேன். கடைசித் தடவை நானும் ஏறிவிட்டேன்."

"உன்னோடு வந்தவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்களா?"

அவர் கரியைக் கிளறினார். தெருமுனையில் போலீஸ் வண்டி திரும்பியது. ஒரு கதிரைத் தாளில் சுற்றி ஃபாத்துவின் கையில் திணித்துவிட்டு, புகையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தூண்களுக்கு இடையில் போய்விட்டார். பாம்பன் பேருந்து நிலையத்தில் சுண்டல் விற்கிறவர்கள் நகராட்சி ஆளைக் கண்டால் இப்படித்தான் கூடையைத் தூக்குவார்கள். ஆனால் அவர்கள் கடலைத் தாண்டி வந்தவர்கள் இல்லை.

ஃபாத்து கதிரைத் தின்னவில்லை. விடுதிவரை கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். ஒலிபெருக்கியை இந்தத் தடவையும் தள்ளி வைத்தார்.

"கடா அறுக்க வசதி இல்லாதவனைக் கடவுள் கேட்க மாட்டார். அடுத்த வீட்டுக்காரன்தான் கேட்பான். அடுத்த வீட்டிலும் கடா இல்லை என்றால் யார் கேட்பது? கரை முழுக்க ஆடு இல்லாவிட்டால் யாருக்கும் வெட்கம் இல்லை. சில வீட்டில் மட்டும் இருந்தால்தான் வெட்கம். இந்தத் தேதியிலேயே மூடுங்கள். நான் போய் எங்கள் பெண்களிடம் சொல்லிக்கொள்கிறேன்."

பிறகு பக்கத்து நாட்டு அதிகாரியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆனால் தம்பி, உங்கள் கரையிலும் ஒருவர் கடலில் இறங்கக்கூடாது. பெரிய படகும் இறங்கக்கூடாது. எங்கள் பிள்ளைகள் பெருநாளன்று வீட்டுக்குள் இருக்கும்போது உங்கள் ஆலையில் புகை வரக்கூடாது."

அந்த மெலிந்த மனிதர் எழுந்து வந்து இரண்டு கையாலும் ஃபாத்துவின் கையைப் பிடித்தார். தன்னால் ஆனதைச் செய்கிறேன் என்றார். கையெழுத்துகள் போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். 'தன்னால் ஆனது' என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஆலைக்காரர்களும் பெரிய படகுக்காரர்களும் அந்த அறையில் இல்லை. மதியம் மறுபடியும் அதே குளிர்ந்த ரொட்டி வந்தது.

ஃபாத்து நேராக லாச்சப்பலுக்குப் போகலாம் என்றார். அருள்நேசன் எங்களைக் கண்டதும் மூலை மேசையைத் துடைத்து வைத்தார். அன்று கடையில் கூட்டம் இல்லை. ஜெசிந்தா கேட்காமலே ஊறுகாயைக் கொண்டுவந்தார்.

"கையெழுத்து ஆகிட்டுதோ?" என்று அருள்நேசன் கேட்டார். ஆனது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு மீனை வெட்டப் போனார்.

ஃபாத்து சாப்பிட உட்காரவில்லை. கைப்பேசியை எடுத்து வாட்ஸப்பில் கரையைக் கூப்பிட்டார். மீன் காயவைக்கும் தட்டிகளுக்கு நடுவில் பெண்கள் கூடியிருக்க வேண்டும். காற்றின் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கடைக்குள் நிறைந்தது. அவர் நின்றுகொண்டே வொலோஃபில் பேசினார். தேதியைச் சொன்னார். பெருநாளைச் சொன்னார். அடுத்த தபாஸ்கிக்குக் கடா கிடையாது என்று மூடி மறைக்காமல் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கோபமாகக்கூட இல்லை.

"அந்தப் பக்கமும் மூடுவார்களா, ஃபாத்து?"

ஃபாத்து கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நீ சொல். வரைபடம் போட்டவள் நீதானே."

என் வொலோஃப் கொச்சையானது. கேட்டால் புரியும், பேச்சு சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆனால் அந்தப் பதிலுக்கு ஒரு சொல் போதும். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அதிகாரியின் நல்ல முகம் நினைவுக்கு வந்தது. அறையில் இல்லாதவர்களின் முகமும் தெரிந்ததுபோல் இருந்தது. அந்தப் பக்கம் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடுவார்கள்," என்றேன்.

அங்கே யாரோ பெருமூச்சு விட்டார்கள். சரி, அப்படியென்றால் சரி என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

அருள்நேசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டவை?"

"எதிர்க்கரையும் மூடுவாங்களான்னு கேட்டாங்கண்ணே."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மூடுவாங்கன்னு சொன்னேன்."

அவர் தலையசைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை, அக்கா."

ஃபாத்து அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். அவர் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து தட்டை நடுவில் இழுத்தார்.

"தெரியும். அதனால்தான் உன் வாயால் சொல்லச் சொன்னேன். சித்திரையில் நீயும் வந்து எங்களோடு கரையில் உட்கார வேண்டும். மூடுகிற நாள் தொட்டுத் திறக்கிற நாள் வரை. அந்தப் பக்கம் படகு இறங்கினால் நீ பார்க்க வேண்டும், நாங்கள் உன்னைப் பார்க்க வேண்டும்."

"உட்காருகிறேன்," என்றேன்.

அவ என்ன சொல்லுறா என்று அருள்நேசன் கேட்டார். அவர் தம்பியின் கரையில் நான் அப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை; ஃபாத்து சொன்னதை மட்டும் அவரிடம் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.